தராசு யார் கையில்?

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேளையை அருகிலிருந்து பார்த்தவர்கள் ஒன்றை அறிவர். பறித்தவள் கொழுந்தைச் சுமந்து வந்து நிற்கிறாள். நிறுப்பவர் ஒருவர், ஏட்டில் எழுதுபவர் மற்றொருவர். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழித்தது போக எஞ்சியது எத்தனை கிலோ என்று அவர்கள் சொல்வார்கள், அவள் கேட்டுக்கொள்வாள். குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர். வாதாடிப் பயனில்லை, தராசு அவள் கையில் இல்லை.

மலைநாட்டு மக்களின் வாக்கும் தேர்தல்தோறும் இவ்வாறே நிறுக்கப்பட்டு வந்திருக்கிறது. வாக்கு ஒருவருடையது. அதன் எடையைக் கொழும்புக்குச் சென்று எடுத்துரைப்பவர் வேறொருவர். அதற்குக் கிடைக்கும் விலை இன்னதென்று பறித்தவளுக்கு யாரும் ஏட்டைத் திறந்து காட்டியதில்லை.

2024-ஆம் ஆண்டின் இரு தேர்தல்களுக்குப் பின் இதுபற்றிய விவாதம் அட்டனிலும் தலவாக்கலையிலும் ஆசிரியர் கூடும் இடமெல்லாம் சூடாக நடக்கிறது. அவ்வாண்டு செப்டெம்பர் 21-ல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணில் விக்கிரமசிங்கவை ஆதரித்தது. தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டத்தில் சஜித் முதலிடமும் ரணில் இரண்டாமிடமும் பெற்றனர். நாட்டை வென்ற அநுர குமார திசாநாயக்க அங்கே மூன்றாமிடத்தில்தான் நின்றார். ஆயின் 54 நாட்கள் கழித்து, நவம்பர் 14-ல், அதே மாவட்டத்தின் எட்டுப் பாராளுமன்ற ஆசனங்களில் ஐந்து அவரது தேசிய மக்கள் சக்திக்குச் சென்றன. மாவட்டத்து வாக்கு முழுவதும் தோட்டத்து வாக்கன்று என்பது உண்மையே. எனினும் தோட்டத்து வாக்கு அசையாமல் இந்த மாற்றம் நிகழ்ந்திருக்க இயலாது.

இந்நிகழ்ச்சியிலிருந்து இரு சாரார் இரு பாடங்களைப் படிக்கின்றனர்.

ஒரு சாரார் கூறுவது: நாம் சிறுபான்மையினர். நம் வாக்குகள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு, ஒரே தலைமையின் கையில் ஒப்படைக்கப்பட்டால்தான் கொழும்பு நம்மை மதிக்கும். சிதறினால் சீந்துவாரில்லை. மற்றொரு சாரார், இவர்களுள் நம் முற்போக்கு நண்பர்களே மிகுதி, கூறுவது: தோட்டத் தலைவர்களின் காலம் முடிந்தது, தனிக் கோரிக்கை, தனி அமைப்பு என்பனவெல்லாம் பழைய இனவாதத்தின் எச்சங்கள், தொழிலாளி தேசிய இடதுசாரி வெள்ளத்தில் கலந்துவிட்டால் மற்றவை தாமே வந்து சேரும்.

இவ்விரு வாதங்களும் தவறு என்பதே நம் துணிபு. ஒன்று வாக்கை மூட்டையாகக் கட்டச் சொல்கிறது. மற்றொன்று ஆற்றில் கொட்டச் சொல்கிறது. தொழிலாளியின் கையில் தராசைக் கொடுக்க இரண்டும் மறுக்கின்றன.

முதல் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் ஏழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அவர்களுள் சௌமியமூர்த்தி தொண்டமானும் இருந்தார், எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் இருந்தார். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குத் துணைநின்றது. சமசமாஜக் கட்சி, போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்றும் 18 ஆசனங்கள் பெற்றன. 95 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்றதோ 42. தொழிலாளியின் வாக்குக்கு எடை உண்டு என்பதை ஆளும் வர்க்கம் அன்றே கண்டுகொண்டது. கண்டுகொண்டதன் விளைவே 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949-ல் வந்த தேர்தல் திருத்தச் சட்டமும். வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்கள் துடைக்கப்பட்டன. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து ஒரு தமிழரும் தெரிவு செய்யப்படவில்லை.

இதிலும் கொடிய வேடிக்கை ஒன்று உண்டு. தொகுதிகள் வகுக்கப்பட்டது குடித்தொகைக் கணக்கின்படி. வாக்கிழந்த தொழிலாளியின் தலையும் அக்கணக்கில் எண்ணப்பட்டது. அவன் தலையால் தொகுதிகள் பெருகின. அத்தொகுதிகளில் அவனுக்கு வாக்கு மட்டும் இல்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1787-ல் அரசியலமைப்பு எழுதியவர்கள் ஓர் அடிமையை ஐந்தில் மூன்று மனிதனாக எண்ணி, அவனுடைய எசமானின் மாநிலத்துக்குப் பிரதிநிதிகளைக் கூட்டிக் கொடுத்தார்கள். நம் நாட்டில் முழு மனிதனாகவே எண்ணினார்கள், தாராள மனம்தான்!

1952-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. வாக்குரிமை மீளவில்லை. வாக்கில்லாத மக்களின் தலைமை எவ்வழியில் இயங்கும்? நியமன உறுப்பினர் பதவி வழியில் இயங்கியது. 1960-ல் தொண்டமானை நியமித்தது ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி அரசாங்கம். 1965-ல் நியமித்தது ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம். இதை வைத்து ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. கதவுகளெல்லாம் அடைக்கப்பட்டவன் சன்னல் வழியே நுழைந்தான் என்றே கொள்வோம். ஆனால் அக்காலத்தில் பழகிய பழக்கம் ஒன்று வாக்கு மீண்ட பிறகும் மாறவில்லை. மக்களைக் கேளாமல் மேலே பேசி முடித்துவிட்டு, முடிவை மட்டும் கீழே அறிவிக்கும் பழக்கமே அது.

பேரம் என்பதே பாவம் என்று கூறும் தூய்மைவாதிகள் அல்லர் நாம். பேரத்தால் கிடைத்தவற்றை நேர்மையாகக் கணக்கிட வேண்டும். 1984-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்பின் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வந்தது. 1986-ல் தொழிலாளர் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தினர். 1988-ல் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. எஞ்சியோருக்கு 2003-ல் வந்தது. 1978 முதல் அமைச்சரவையில் தொண்டமான் இருந்தது இவற்றுக்கு உதவவில்லை என்று யாரும் சொல்லார். ஆனால் 1984-லும் 1986-லும் அமைச்சரின் சொல்லுக்குப் பின்னால் எது நின்றது? மலைமுழுதும் வேலையை நிறுத்திய கைகள் நின்றன. அக்கைகள் நின்றபோது பேரம் வென்றது. நில்லாதபோது? அதே அமைச்சர் அதே அமைச்சரவையில் இருக்கும்போதுதான் 1981-லும் 1983-லும் நம் மக்களின் வீடுகள் எரிந்தன.

அண்மைக் காலத்துக் கணக்கோ இன்னும் தெளிவானது. நாளொன்றுக்கு 1000 ரூபா என்ற கோரிக்கை 2015-ல் எழுந்தது. 2016-ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் 730 ரூபாவில் நின்றது. 2019-ல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா ஆயிற்று. 1000 ரூபா கிடைத்தது 2021 மார்ச்சில். அதுவும் சம்பளச் சபையின் ஆணையால். இடையில் இரண்டு பாராளுமன்றத் தேர்தல்கள், ஒரு ஜனாதிபதித் தேர்தல், ஓர் உள்ளூராட்சித் தேர்தல். ஒவ்வொரு மேடையிலும் அந்த 1000 ரூபா மாலை சூட்டப்பட்டு ஊர்வலம் வந்தது. கைக்கு வந்த மறு ஆண்டே 2022-ன் பொருளாதார வீழ்ச்சி அதை விழுங்கியது.

இத்தகைய தாமதம் தலைவர்களின் குணக்கேட்டினால் மட்டும் விளைந்ததன்று. அமைப்பிலேயே ஒரு கோணல் இருக்கிறது. தொழிலாளியின் சம்பளத்தில் சந்தா பிடிப்பது தொழிற்சங்கம். அதே சங்கமே தேர்தல் வந்ததும் கட்சியாகிறது. வென்றதும் அமைச்சாகிறது. கம்பனியோடு சம்பளம் பேசவேண்டியவரும், அக்கம்பனிகளைச் சார்ந்து வருவாய் தேடும் அரசாங்கத்தின் கூட்டுப் பொறுப்புக்குக் கட்டுப்பட்டவரும் ஒரே மனிதர். ஒரு கையால் கோரிக்கை மனுவை நீட்டி மறு கையால் அதனை வாங்கிக்கொள்கிறார்! இடையில் நின்று கேள்வி கேட்க யாருக்கு இடமுண்டு?

'நாம் சொல்லும் பக்கம் மக்கள் வாக்களிப்பார்கள்' என்பதுதான் இப்பேரத்தின் மூலதனம். அம்மூலதனமும் கரைந்துவிட்டது. 2015-ல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மஹிந்த ராஜபக்ஷவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டம் மைத்திரிபால சிறிசேனவுக்கு வாக்களித்தது. 2019-ல் கோட்டாபய ராஜபக்ஷவை ஆதரித்தது. மாவட்டம் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தது. 2024-ன் கதையை மேலே கூறினோம். நம் மாணவி ஒருத்தியின் தாய், கொழுந்து பறிப்பவர், அத்தேர்தலுக்கு மறுவாரம் பாடசாலைக்கு வந்திருந்தார். தலைவர் சொன்ன பக்கம் வாக்களித்தீர்களா என்று கேட்டோம். "அவுங்க வந்து சொன்னாங்க சேர், நாங்களும் சரின்னு கேட்டுக்கிட்டோம். பொட்டிக்கிட்ட போனா நாங்க மட்டும்தானே?" என்றார். இதைவிடத் தெளிவான அரசியல் விமரிசனத்தை நாம் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

ஆனால் அவ்வம்மையார் வாக்குப் பெட்டியின் முன் மட்டுமே தனி மனிதர். கோரிக்கை எழுதும் வேளையிலும், உடன்படிக்கை பேசும் வேளையிலும், கணக்குக் கேட்கும் வேளையிலும் அவருக்கு இடமில்லை. தலைவரை மறுக்கும் உரிமையை அவர் தாமே எடுத்துக்கொண்டார். தலைவரைப் பணிக்கும் உரிமை இன்னும் அவருக்கு வரவில்லை.

இனி இரண்டாவது வாதம். இதைச் சொல்பவர்கள் நம் தோழர்கள். ஆகவே நம் சொல் சற்றுக் கடுமையாகவே இருக்கும்.

தேசிய இடதுசாரியில் கலந்துவிட்டால் போதும் என்கிறீர்கள். முன்பு கலக்கவில்லையா? 1948-ல் பிரஜாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் வீரத்துடன் எதிர்த்தனர். அதை நன்றியுடன் நினைக்கிறோம். ஆயின் 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று இரு அரசாங்கங்கள் பங்கு போட்டன. 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கப்பட்டனர். பங்கு போடப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. தொழிலாளர் கட்சி அமைச்சரவையில் இருந்தும் இது நிகழ்ந்தது. 1970-ல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்திலும் இடதுசாரி அமைச்சர்கள் இருந்தனர். 1973, 1974-ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தபோது அவர்கள் அமைச்சர் நாற்காலிகளில்தாம் இருந்தார்கள்.

தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பு மக்கள் விடுதலை முன்னணி. அதன் தொடக்க கால ஐந்து வகுப்புகளில் ஒன்றுக்கு 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்பது பெயர். லயத்தில் வாழும் தொழிலாளியை அந்நியப் படையெடுப்பின் நிழலாகக் காணப் பழக்கியது அவ்வகுப்பு. மனிதர் மாறுவர், இயக்கங்களும் மாறும். 2023 அக்டோபரில் அவர்கள் ஹட்டன் பிரகடனம் வெளியிட்டு, மலையக மக்களின் வீடு, காணி, மொழி, சம்பளம் பற்றிப் பேசியதை வரவேற்கிறோம். 2024-ல் கிருஷ்ணன் கலைச்செல்வியும் அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்றதை, மலைநாட்டுப் பெண்கள் முதன்முதலில் அங்கே தெரிவாகி அமர்ந்ததை, பெருமையுடன் வரவேற்கிறோம். கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்களாக இருந்தும் தலைமை அத்தனையும் ஆண்களாக இருந்த சங்கங்கள் இதைக் கண்டு நாணவேண்டும். 2026-க்கான வரவு செலவுத் திட்டம் நாட்கூலியை 1750 ரூபா என்றது. அதில் 200 ரூபா அரசாங்கம் தரும் வருகை ஊக்கத்தொகை. இதுவும் நன்றே.

ஆனால் வரவேற்பு வேறு, சரணாகதி வேறு. ஊக்கத்தொகை உரிமையாகுமா? அரசாங்கம் தருவதை அரசாங்கம் நிறுத்தலாம் அன்றோ? காணி எங்கே? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைகள் சரிந்தபோது, ஒதுங்கிப் போகத் தனக்கென ஒரு துண்டு நிலம் இல்லாத மக்கள் எத்தனை பேர் என்பதை நாடு கண்டது. இரு நூற்றாண்டு இந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு அது இன்னும் இரவல் மண். இவ்வினாக்களைத் தனியே எழுப்பினால் 'இனவாதம்' என்று நம் தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஒரு மக்கட் பிரிவு தனியாக ஒடுக்கப்பட்டிருக்கும்போது அதன் கோரிக்கை மட்டும் எப்படிப் பொதுவாக இருக்க முடியும்? 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட இடம் தரவில்லை. 2018-ல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாக அச்சட்டம் சிங்கள விவசாயியின் பாதையைத் தடுத்ததா? தோட்டத்துப் பாதையை மட்டுமே தடுத்தது. பேர் சொல்லிக் கேட்டதால்தான் அது திருந்தியது. நுவரெலியாவிலும் அம்பகமுவவிலும் இருந்த இரண்டு பிரதேச சபைகள் ஆறாகப் பெருகியதும் அப்படித்தான்.

அப்படியானால் வழி என்ன? தூர தேசத்து நிகழ்ச்சி ஒன்று நமக்கு வழிகாட்டும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபானி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண் இருந்தார். பருத்தித் தோட்டத் தொழிலாளி. 1962-ல் வாக்காளராகப் பதியச் சென்றார் என்பதற்காக, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1964 ஆகஸ்டில், அட்லாண்டிக் நகரில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு அவரும் அவருடைய தோழர்களும் ஒரு புதுக் கட்சியாக, மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியாக, வந்து சேர்ந்தனர். தம் மாநிலத்தின் உண்மையான பிரதிநிதிகள் தாமே என வாதாடினர். ஜனாதிபதி ஜான்சனின் ஆட்கள் ஒரு பேரம் முன்வைத்தார்கள்: இரண்டு இருக்கைகள். பெரிய தலைவர்கள் பலர் ஏற்றுக்கொள்ளும்படி அறிவுரை கூறினர். தோட்டத்திலிருந்தும் வயலிலிருந்தும் வந்த பிரதிநிதிகள் கூடிப் பேசி வாக்கெடுத்தனர். மறுத்தனர்.

கவனிக்கவேண்டியது அடுத்து நடந்தது. மறுத்தவர்கள் வீட்டில் படுத்துக்கொள்ளவில்லை. எதிர்க்கட்சியின் கோல்ட்வாட்டர் குடியியல் உரிமைகள் சட்டத்தின் எதிரி என்பதறிந்து, அந்த நவம்பரில் ஜான்சனுக்காகவே பிரசாரம் செய்தார்கள். 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1968-ஆம் ஆண்டு மாநாட்டில் ஹேமர் பிரதிநிதியாகவே அமர்ந்தார். பெரிய தீமையைத் தடுக்கச் சிறிய தீமைக்கு வாக்களிப்பது வேறு. அச்சிறிய தீமைக்குத் தன்னை எழுதிக்கொடுப்பது வேறு. இவ்விரண்டையும் அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் பிரித்தறிந்தனர். அவர்கள் பெற்ற வலிமை ஒரே ஒரு காரணத்தினால் வந்தது. ஏற்பதா, மறுப்பதா என்று முடிவு செய்தவர்கள் அவர்களே.

நாம் கேட்பதும் இதுவே. எந்தக் கட்சியை ஆதரிப்பது என்பது இரண்டாவது வினா. யார் முடிவு செய்வது என்பதே முதல் வினா. அடுத்து வருவது எந்தத் தேர்தலாயினும் சரி, கோரிக்கைகள் முதலில் தோட்டத்தில் எழுதப்படட்டும். பிரட்டுக் களத்திலோ கோயில் முன்றிலிலோ, பெண்கள் சமைத்து முடித்து வரக்கூடிய வேளையில் கூட்டம் நடக்கட்டும். காணி எத்தனை பேர்ச், எந்த ஆண்டுக்குள்? கூலி எவ்வளவு, நிர்ணயக் கிலோவைக் கூட்டாமல்? மலசலகூடம் எந்த வயலில் எத்தனை? இவை எழுத்தில் இருக்கட்டும். வாக்குக் கேட்டு வருபவர் எவராயினும் எல்லோர் முன்னும் அதில் ஒப்பமிடட்டும், தேதியும் இடட்டும். வென்றவர் ஆண்டுக்கு ஒருமுறை அதே களத்தில் நின்று அத்தாளை வாசிக்கட்டும். சங்கத்தில் சந்தா கட்டுபவர் சங்கத்தின் கணக்கையும் கேட்கட்டும். அமைச்சராகிறவர் சங்கத் தலைமையை விட்டு இறங்கட்டும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல். இதற்குக் கோடிப் பணம் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் வேண்டும். அவர் யார்? நாம்தான்.

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் தலைமுறையைச் சேர்ந்த ஆசிரியர் பலரின் நியமனம் தேர்தலை அண்டி வந்தது. நாமும் ஒரு மேடையில் வரிசையில் நின்று, மாலை அணிந்த கையிலிருந்து கடிதம் பெற்றவர்களே. பட்டமும் தகுதியும் நம்முடையவை. ஆனால் அக்கடிதம் ஒரு கொடையாகவே நம்மிடம் நீட்டப்பட்டது. அன்று தலைகுனிந்து வாங்கினோம். அதன்பின் பலர் வாய் திறக்கவில்லை. லயத்தில் பிறந்து படித்து வந்தவனின் நாவை ஒரு கடிதத்தால் கட்டிவிட முடியுமாயின், பேரத்தில் மிக மலிவாக விலைபோன பொருள் தொழிலாளியின் வாக்கன்று, நம் வாய்தான்.

கட்டை அவிழ்ப்போம். இந்தத் தவணையிலேயே தொடங்கலாம். ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம், மூன்றாம் விருப்பை எவ்வாறு குறிப்பது, பாராளுமன்றத் தேர்தலில் மூன்று விருப்பு வாக்குகளை எவ்வாறு இடுவது என்று பெற்றோர் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம். சம்பளச் சீட்டில் என்னென்ன கழிக்கப்படுகிறது என்று வாசித்துச் சொல்வோம். எவருக்கு வாக்களிக்கவேண்டும் என்று சொல்லமாட்டோம். அதைச் சொல்பவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். தராசைப் பறித்தவளின் பக்கம் திருப்பி வைப்பது மட்டும் நம் வேலை. முள் எங்கே நிற்கிறதென்று அவள் பார்த்துக்கொள்வாள்.